சிப்புல இருக்கு, விண்டோஸ் விடமாட்டேங்குது: ஒரகடத்து விண்டோஸ் 7 பிசி ஒண்ணோட கதை

போன மாசம் ஒரகடத்துலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. கார் கம்பெனிகளுக்கு ரப்பர் பாகங்கள் செஞ்சு குடுக்குற சின்ன யூனிட் ஒண்ணுல மெயின்டெனன்ஸ் பார்க்குறவரு. "அண்ணே, ஒரு பழைய பிசியால என் வேலையே போயிடும் போலிருக்கு"ன்னு ஆரம்பிச்சாரு.

விஷயம் இதுதான். லைன் கடைசியில ஒரு கேமரா இருக்கு. பாகத்துல வெடிப்பு, பிசிறு இருந்தா பிசி கண்டுபிடிச்சுத் தள்ளிவிடும். சாஃப்ட்வேர் குடுத்தவங்க புது வெர்ஷன் அனுப்பியிருக்காங்க, இவரும் போட்டாரு. ஐகானை அழுத்தின உடனே மூடிக்குது. பழைய வெர்ஷனோட லைசென்ஸும் முடிஞ்சுபோச்சு. அதனால நைட் ஷிஃப்ட்டுல ஆறு பொண்ணுங்க டியூப்லைட் வெளிச்சத்துல ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால பார்த்துட்டிருக்காங்க. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் சொன்ன தீர்வு: பிசியை மாத்துங்க.

மாத்தலாம்தான். ஆனா அந்தக் கேமராவை பிசியோட இணைக்குற கார்டுக்கு விண்டோஸ் 7-க்கு அப்புறம் டிரைவரே வரல. பிசி மாத்தினா கார்டு மாத்தணும், கார்டு மாத்தினா கேமரா மாத்தணும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் இப்படி மெஷினோட மெஷினா ஒட்டிக்கிட்ட விண்டோஸ் 7 பிசிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. யாரும் ஆசைப்பட்டு வெச்சிருக்கல.

ஈவென்ட் வியூயர்ல என்ன எரர் கோடு வருதுன்னு கேட்டேன். சி, அஞ்சு பூஜ்யம், ஒண்ணு, டி. இந்தக் கோடு வந்தா ஒரே அர்த்தம்தான்: "எனக்குத் தெரியாத கட்டளையைக் குடுத்துட்டே"ன்னு பிராசசர் சொல்லுது. ஆனா அந்த பிசியில இருக்கிறது இரண்டாம் தலைமுறை கோர் ஐ5. புது சாஃப்ட்வேர் கேட்கிற ஏவிஎக்ஸ் வசதி அதுல இருக்கு. 2011 ஜனவரியில வந்த சேண்டி பிரிட்ஜ் சிப்புகள்லதான் இன்டெல் அதை முதன்முதலா குடுத்துச்சு. நாலு எண்ணுக்குப் பதிலா எட்டு எண்ணை ஒரே மூச்சுல கணக்குப் போடும். படத்தைப் பார்த்து முடிவெடுக்குற ஏஐ சாஃப்ட்வேர்களுக்கு இதுதான் சோறு. டென்சர்ஃப்ளோ 2018-ல வந்த 1.6 வெர்ஷன்லேர்ந்து, ரெடிமேடா டவுன்லோட் பண்றவங்களுக்கு ஏவிஎக்ஸ் கட்டாயம்னு ஆக்கிடுச்சு.

அப்போ சிப்புல இருந்தும் ஏன் ஓடல? இங்கதான் ஆபரேட்டிங் சிஸ்டம் குறுக்க வருது. ஷிஃப்ட் மாறுறதை நினைச்சுக்கோங்க. 'ஏ' ஷிஃப்ட்காரர் டேபிள்ல பாதி வேலையை விட்டுட்டுப் போறாரு. 'பி' ஷிஃப்ட்காரர் அதே டேபிள்ல உட்கார்றதுக்கு முன்னாடி, அந்தப் பொருளையெல்லாம் சூப்பர்வைசர் எடுத்து லாக்கர்ல வைக்கணும். விண்டோஸ்தான் சூப்பர்வைசர். ஒரு நொடிக்குப் பல தடவை புரோகிராம் மாத்தி புரோகிராமை டேபிள்ல உட்கார வைக்குது. ஏவிஎக்ஸ் வந்தப்போ ஒவ்வொரு ரெஜிஸ்டரும் 128 பிட்டுலேர்ந்து 256 ஆச்சு. பழைய லாக்கர்ல பாதிதான் அடங்கும், மீதிப் பாதியை அடுத்து வர்றவர் அழிச்சுடுவாரு. அதனால சிப் ஒரு ஒழுங்கு வெச்சிருக்கு: "பெரிய லாக்கர் என்கிட்ட இருக்கு"ன்னு விண்டோஸ் சொல்ற வரைக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை ஏத்துக்காது. 2009-ல வந்த ஒரிஜினல் விண்டோஸ் 7-க்கு இதைச் சொல்லவே தெரியாது. 2011-ல வந்த சர்வீஸ் பேக் 1 தான் கத்துக்குடுத்துச்சு.

தம்பியோட பிசியில சர்வீஸ் பேக் 1 இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ்ல 'கோர்இன்ஃபோ'ன்னு ஒரு இலவசக் கருவி இருக்கு, அதை ஓட்டச் சொன்னேன். வசதி இருந்தா நட்சத்திரம், இல்லன்னா சின்னக் கோடு. ஏவிஎக்ஸ்: நட்சத்திரம். எக்ஸ்சேவ்: நட்சத்திரம். ஓஎஸ்-எக்ஸ்சேவ்: கோடு. சிப் ரெடி, விண்டோஸ் வாயைத் திறக்கல. பூட் செட்டிங்கைத் திறந்து பார்த்தா, யாரோ எப்பவோ எக்ஸ்சேவை அணைச்சு வெச்சிருக்காங்க. யாரு, எதுக்குன்னு அந்த யூனிட்டுல யாருக்கும் தெரியல.

திருப்பிப் போடுறது ஒரு வரி வேலை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. முதல்ல பூட் செட்டிங்குக்கு ஒரு காப்பி: 'பிசிடிஎடிட்', ஸ்பேஸ், ஸ்லாஷ் 'எக்ஸ்போர்ட்', ஸ்பேஸ், ஃபைல் பேர். இதை விட்டுடாதீங்க, பூட் கெட்டுப்போனா விடிய விடிய உட்காரணும். அப்புறம் 'பிசிடிஎடிட்', ஸ்பேஸ், ஸ்லாஷ் 'செட்', ஸ்பேஸ், 'எக்ஸ்சேவ்டிஸேபிள்' ஒரே வார்த்தையா, ஸ்பேஸ், ஜீரோ. பேர்லயே 'டிஸேபிள்' இருக்கறதால ஜீரோன்னாதான் ஆன். (இப்படிப் பேர் வெச்சவரை என்ன சொல்றது!) ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி கோர்இன்ஃபோ ஓட்டுங்க. ஓஎஸ்-எக்ஸ்சேவ் பக்கத்துல நட்சத்திரம் வந்திருக்கணும்.

எல்லா பிசிக்கும் இது மருந்து இல்ல. கோர் 2 டுவோல ஏவிஎக்ஸே கிடையாது. அந்தக் காலத்து பென்டியம், செலரான்ல இன்டெல் அதைக் குடுக்கவே இல்ல, எந்தக் கமாண்டும் கொண்டு வராது. சாஃப்ட்வேர் ஏவிஎக்ஸ்2 கேட்டா, 2013-ல வந்த ஹாஸ்வெல்லாவது வேணும்.

தம்பி கேட்காத ஒண்ணையும் நானே சொன்னேன். விண்டோஸ் 7-க்கு பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓட நின்னுபோச்சு. 2017 மே மாசம் வானாக்ரை உலகம் பூரா பரவினப்போ, அதே ஒரகடத்துல இருக்கிற ரெனோ-நிசான் ஆலையும் அடி வாங்குச்சு. அந்த வைரஸ்ல மாட்டினதுல பெரும்பாலும் விண்டோஸ் 7 மெஷினுங்கதான். பிசி ஓட ஆரம்பிச்சதும் "இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்"னு மேனேஜர் சொல்லுவாரு. அதனால ஆபீஸ் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிடுங்க, பென் டிரைவை வேற பிசியில ஸ்கேன் பண்ணாம சொருகாதீங்கன்னு சொன்னேன்.

ராத்திரி பதினொண்ணே கால் மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஸ்கிரீன்ல பச்சை டிக், ஓரத்துல ஒரு ரப்பர் வளையம். அதுக்குக் கீழ இன்னொரு போட்டோ: பிசி கேபினெட் கதவோட உள்பக்கம் செலோ டேப் போட்டு ஒட்டின ஒரு பேப்பர். என்ன மாத்தினேன், எந்தத் தேதியில, ஏன்னு பேனாவால எழுதியிருந்தாரு.