பெட்ரோலில் 20% எத்தனால்... பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

‘மழைக்கு முன்பு மூலையில் வைத்த பவர் ஸ்பிரேயரை தை மாதம் எடுத்தால் ஸ்டார்ட்டே ஆகவில்லை. டேங்க் அடியில் தண்ணீர் நிற்கிறது. பங்க்கில் ஏமாற்றுகிறார்களா?’ – ஆவடி பக்கத்தில் நெல்லும் கீரையும் பயிரிடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

பங்க்கைச் சந்தேகப்படும் முன் ஒரு விஷயம். பெட்ரோலே மாறிவிட்டது. இப்போது நாம் வாங்கும் 1 லிட்டரில் 200 மில்லி வரை எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வடிப்பது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகிதக் கலப்புடன் தொடங்கிய திட்டம் இது. 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் 20 சதவிகிதம் என்றது. அந்த இலக்கை முன்னுக்குக் கொண்டுவந்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதியும் கரியமில வாயுவும் குறையும் என்பது அரசின் கணக்கு.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பாதி டேங்க் பெட்ரோலோடு மெஷினை விட்டுவைத்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். பழைய மெஷின்களில் ரப்பர் குழாயும் உப்பிப்போகும்.

வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, இறுக மூடும் கேனில் வையுங்கள். பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கி ஊற்றவே கூடாது. வாங்கிய அன்றே அடியில் தண்ணீர் நின்றால் மட்டும் பங்க்கில் கேளுங்கள். அவர்களின் நிலத்தடித் தொட்டியிலும் மழைநீர் இறங்கலாம். டிராக்டர்காரர்கள் பயப்பட வேண்டாம், டீசலில் இந்தக் கலப்பு இல்லை.

பைக்கில் மைலேஜ் குறைகிறது என்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பழைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது.

சரி, விளைவிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு குவிண்டால் மக்காச்சோளத்தில் சுமார் 38 லிட்டர் எத்தனால் வரும். 2024-25-ல் லிட்டருக்கு 71.86 ரூபாய் கொடுத்து எண்ணெய் நிறுவனங்கள் வாங்கின. ஆக, ஆலைக்கு 2,730 ரூபாய். மிஞ்சும் சக்கை தீவனமாக விற்பது தனி. அந்த ஆண்டு மக்காச்சோளத்தின் ஆதார விலை 2,225 ரூபாய். ஆலைக்கு ஆள்கூலி, எரிபொருள் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், ஆலையின் சரக்குக்கு அரசு விலை உறுதி. ஆலைக்குப் போகும் மக்காச்சோளத்துக்கு அந்த உறுதி இல்லை. ஆதார விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று ஆலையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. திருவாலங்காடு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு வெட்டும் நம் மாவட்ட விவசாயிக்காவது சட்டப்படியான விலை என்று ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்துக்கும் அதைக் கேட்பதில் என்ன தவறு?