வார்டில் நடக்கும் அவசர ஒத்திகை: பொம்மையைச் சுற்றி ஏன் இத்தனை ஓட்டம்?

மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாட்களில் இக்காட்சி உங்கள் கண்ணில் படலாம். காலியாக உள்ள கட்டிலில் ஆளுயரப் பொம்மை ஒன்று கிடத்தப்பட்டிருக்கும். செவிலியர் குரல் கொடுத்ததும் மருத்துவர்கள் விரைந்து வருவர். ஒருவர் பொம்மையின் நெஞ்சை அழுத்துவார். மற்றொருவர் அதன் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்துவார். சிறிது நேரத்தில் ஓட்டம் ஓய்ந்து, அனைவரும் வட்டமாக அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பர். இதுவே அவசரச் சிகிச்சைக் குழுவின் ஒத்திகை.

நம் பகுதிக்குரிய ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளக்கலாம். வயல்கள் சூழ்ந்த ஊர்களில் இரவில் தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. அதன் கடியில் பெரும்பாலும் வலியிராது, வீக்கமும் இராது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒருவர் வருவார். சற்று நேரத்தில் அவருடைய இமைகள் சரியத் தொடங்கும். உடன்வந்தவர்கள், இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் உறங்குகிறார் என்று எண்ணுவர். உண்மையில் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்துகொண்டிருக்கிறது. அடுத்து நிற்கப்போவது மூச்சு.

அந்நேரத்தில் நச்சுமுறி மருந்து மட்டும் போதாது. செயலிழந்த தசைகளை அம்மருந்து உடனே மீட்பதில்லை என்பதால், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் தர வேண்டும். சிலருக்கு அது பல நாட்கள் தேவைப்படும். நச்சுமுறியே ஒவ்வாமையை உண்டாக்கவும் கூடும். அதற்கென அட்ரினலின் ஊசி மருந்து கையருகில் இருக்க வேண்டும். காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மூச்சு தளரும் ஒருவரை, அதைத் தாங்கும் ஏற்பாடு செய்யாமல் அவ்வளவு தூரம் அனுப்ப இயலாது. எனவே அந்த முதல் சில நிமிடங்களின் பொறுப்பு இங்கு இருப்பவர்களுடையதே.

ஒத்திகையில் இதே நிலைமை உருவாக்கப்படும். “இமை சரிகிறது”, “ஆக்சிஜன் அளவு குறைகிறது” என்று பயிற்சியாளர் ஒவ்வொன்றாக அறிவிப்பார். அப்போது வெளிப்படும் பிழைகள் பெரும்பாலும் அறிவுக் குறையால் நேர்பவை அல்ல. இருவர் ஒரே மருந்தை எடுக்க ஓடியிருப்பர். மயக்கவியல் மருத்துவரை மற்றவர் அழைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். ஒருவரும் அழைத்திருக்க மாட்டார்.

“அட்ரினலின் கொடுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் அது எவருக்கும் உரியதாகாது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, மருந்தின் அளவைக் கூற வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்து முடித்ததும் “கொடுத்துவிட்டேன்” என்று அறிவிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும், பதற்றத்தில் முதலில் மறந்துபோவது இதுதான்.

இம்முறைகளுக்கு மருத்துவத்துறை விமானத்துறைக்குக் கடன்பட்டிருக்கிறது. 1977ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுதளத்தில் இரு பெரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். முன்னால் மற்றொரு விமானம் இன்னும் நிற்கிறதோ என்று விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பியும், தலைமை விமானி புறப்பாட்டை நிறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பின், இளையவர் தயங்காமல் எச்சரிக்கவும் மூத்தவர் செவிசாய்க்கவும் விமானக் குழுவினர்க்குப் பயிற்சி தரப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா அதை அறுவை அரங்குக்கு ஏற்ப அமைத்தார். இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது.

பயிற்சிக்கூடத்திலேயே இதைச் செய்யலாகாதா, நோயாளிகள் இருக்கும் வார்டில் ஏன் என்று சிலர் கேட்பர். வார்டில் செய்தால்தான் வார்டின் குறைகள் தெரியும். ஆக்சிஜன் உருளையைத் திறக்கும் சாவி அதன் அருகில் இராது. தொண்டையைப் பார்க்கும் கருவியின் மின்கலம் தீர்ந்திருக்கும். இவை பொம்மையின்மேல் தெரியவருவதே நல்லது. இறுதியில் நடக்கும் உரையாடலே ஒத்திகையின் உயிர். அங்கே யாரையும் குற்றவாளியாக்குவதில்லை. என்ன நடந்தது, அவ்வாறு ஏன் நடந்தது என்பதே பேச்சு. ஒருமுறை பழகினால் போதும் என்பதுமில்லை. கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

இன்னொன்றும் ஒத்திகையில் பழக்கப்படுகிறது. கட்டுவிரியன் கடித்தவர் இமையைத் திறக்க இயலாமல் கிடந்தாலும், அவருக்கு நினைவு இருக்கக்கூடும். நாம் பேசுவது கேட்கக்கூடும். ஆகவே செய்யவிருப்பதை அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். உறவினர்களும் அவர் அருகில் நின்று நம்பிக்கை இழந்து பேசலாகாது.

உடனிருப்போரும் இக்குழுவில் ஒரு பகுதியினரே. நோயாளியின் இமை சரிந்தாலும், பேச்சு குழறினாலும், எச்சில் விழுங்கத் திணறினாலும், உறங்கட்டும் என்று விட்டுவிடாமல் உடனே செவிலியரை அழையுங்கள். எத்தனை மணிவரை நன்றாக இருந்தார், என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார், எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றை ஒருவரே தெளிவாகச் சொல்லட்டும். குழு வேலை செய்யும்போது கட்டிலைச் சூழாமல், அழைத்தால் வரக்கூடிய தொலைவில் அவர் நிற்பது நலம்.

ஒத்திகை தொடங்குமுன் அருகிலுள்ள கட்டில்களில் இருப்போர்க்குத் தெரிவிப்பது முறை. அது நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் நோயாளிக்கு உதவி தேவைப்பட்டால் தயங்காமல் குரல் கொடுங்கள். பொம்மையை அப்படியே விட்டுவிட்டு உங்களிடம் வருவார்கள்.