நாலு நிமிஷமும் நாற்பது வருஷமும்



"ரோஜர் பானிஸ்டர் யார்?" என்று ஜி.கே. புத்தகம் புரட்டுகிற யாரைக் கேட்டாலும் பதில் டக்கென்று வரும். "ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர்." சரியான விடைதான், ஒரு மார்க் போட்டுவிடலாம். ஆனால் பானிஸ்டரோ தன் ஓட்டத்தைவிடத் தன் மருத்துவ ஆராய்ச்சியையே பெரிதாக நினைத்தவர். அந்த ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, என் தாத்தா கீழே விழுகிற வரைக்கும்!

தாத்தாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டும், சில நாள் அப்படியே சுருண்டு விழுவார். டாக்டரிடம் போனோம். உட்கார வைத்து பி.பி. பார்த்தார். "நார்மல்தான். வயசாச்சு இல்லையா?" என்றார். இன்னொருவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் தாத்தாவை முதலில் படுக்க வைத்துப் பார்த்தார், 150 இருந்தது. பிறகு நிற்க வைத்துப் பார்த்தார், 105! "ரத்தக் குழாயில் கோளாறு இல்லை. அதைக் கன்ட்ரோல் பண்ற நரம்புல கோளாறு" என்றார். கன்ட்ரோல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டிப்ளமோக்காரனுக்குச் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். அதில் கிடைத்தவர்தான் பானிஸ்டர்.

நம் உடம்பில் ஒரு க்ளோஸ்டு லூப்

மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் லைனில் ப்ரஷர் வேண்டும். நமக்கு மேல்மாடி மூளை. நாம் எழுந்து நின்றவுடன் புவியீர்ப்பால் சுமார் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அப்படியானால் தினமும் காலையில் நாம் எல்லோரும் மயங்கி விழ வேண்டுமே! ஏன் விழுவதில்லை?

கழுத்தில் கரோட்டிட் தமனி பிரியும் இடத்திலும், இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளைவிலும் சென்சார்கள் இருக்கின்றன. ரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அவை அளக்கின்றன. ப்ரஷர் குறைந்தால் அவை அனுப்பும் சிக்னலும் குறையும். மூளையின் அடியில் இருக்கும் முகுளம்தான் கன்ட்ரோலர். அது தானியங்கி நரம்புகள் வழியாக இதயத்துக்கு "வேகமாக அடி" என்றும், சிறு தமனிகளுக்கு "சுருங்கு" என்றும் உத்தரவு போடும். சில வினாடிகளில் ப்ரஷர் பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டு ஸ்டெபிலைசர் செய்கிற வேலைதான், ஆனால் ஆயுள் முழுக்க ஆஃப் செய்யாமல் நடக்கிறது.

இந்த லூப் அறுந்து போனால்? அதுதான் தானியங்கி நரம்புச் செயலிழப்பு. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 மி.மீ. அல்லது கீழ் அளவு 10 மி.மீ. குறைந்தால், நிற்கும்போது ஏற்படும் தாழ் ரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பல வருஷச் சர்க்கரை வியாதி இதற்கு ஒரு முக்கியமான காரணம். தாத்தாவுக்கு நடந்தது இதுதான்.

கிரைண்டிங் வீல் டாக்டர்

பானிஸ்டர் 1929-இல் லண்டனை அடுத்த ஹாரோவில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், பிறகு லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் நான்காம் இடம்தான் கிடைத்தது. மனம் உடைந்தாலும் ஓட்டத்தை விடவில்லை. படிப்புக்கு நடுவே மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பயிற்சி!

1954 மே 6. காலையில் மருத்துவமனையில் இருந்தார். அங்கே லேபில் இருந்த கிரைண்டிங் வீலில் ஷூவின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டார். ஓடுதளத்தின் சாம்பல் ஒட்டாமலிருக்க கிராஃபைட் தடவினார். (நம்ம ஒர்க்ஷாப் ஆசாமி மாதிரி இல்லை?) ரயில் பிடித்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். மாலையில் காற்றுக்கு நடுவே ஓடினார். 3 நிமிடம் 59.4 வினாடி! அதற்கு முந்தைய சாதனை 1945-இல் ஸ்வீடனின் குண்டர் ஹேக் ஓடிய 4 நிமிடம் 1.4 வினாடி.

அந்தப் புகழை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வருஷமே ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு டாக்டர் வேலைக்குப் போய்விட்டார்.

படுக்கையைச் சாய்த்துப் பார்த்தவர்

உடம்பை அளந்து பார்ப்பது அவருக்கு முன்பே பழக்கம். மாணவராக இருக்கும்போதே ட்ரெட்மில்லில் ஓட வைத்து, அதிக ஆக்சிஜன் கலந்த காற்று மூச்சையும் ஓட்டத்தையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்து, 1954-இல் கன்னிங்ஹாமுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர். பிறகு ராணுவ மருத்துவராக இருந்த காலத்தில் வெப்பத் தாக்குதலைப் பற்றி ஆராய்ந்தார்.

1963 முதல் செயின்ட் மேரிஸிலும், லண்டன் குவீன் ஸ்கொயரில் உள்ள தேசிய நரம்பு மருத்துவமனையிலும் நிபுணர். நிற்கும்போது ப்ரஷர் விழும் நோயை 1925-இலேயே அமெரிக்காவில் பிராட்பரியும் எகிள்ஸ்டனும் விவரித்திருந்தார்கள். 1960-இல் ஷை, டிரேகர் என்ற இருவர், மூளை, தண்டுவட நரம்புச் செல்கள் அழிவதோடு இதைச் சேர்த்துக் காட்டினார்கள். ஆனால் உயிரோடு இருக்கும் நோயாளியிடம் லூப் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? உடம்பைப் பிரித்துப் பார்க்க முடியாதே!

இங்கேதான் நமக்குத் தெரிந்த வித்தை வருகிறது. பெட்டியைத் திறக்க முடியாவிட்டால் நாம் என்ன செய்வோம்? ஒரு ஸ்டெப் இன்புட் கொடுத்து அவுட்புட்டைப் பார்ப்போம். இந்த நோய்க்கான சோதனைகளும் அப்படித்தான். நோயாளியைச் சாய்மேஜையில் படுக்க வைத்து நிமிர்த்துவார்கள். ப்ரஷர், நாடி இரண்டும் எப்படி மாறுகின்றன? 40 மி.மீ. அழுத்தத்தில் 15 வினாடி ஊதிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வார்கள். ப்ரஷர் விழுந்தும் நாடி ஏறவில்லை என்றால் இதயத்துக்குப் போகிற லைனில் கோளாறு. இப்படி ஒவ்வொரு லைனாகத் தட்டிப் பார்ப்பது. ஃபால்ட் ஃபைண்டிங்தானே இது!

1967-இல் இந்த நோயாளிகளின் ரத்தக் குழாய்க் கட்டுப்பாடு எப்படிக் கெட்டிருக்கிறது என்று கூட்டாளிகளுடன் விளக்கினார். 1972-இல் ஓப்பன்ஹைமருடன் சேர்ந்து (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் இல்லை, இவர் ஆக்ஸ்ஃபோர்டு நோய்க்குறியியல் நிபுணர்) இறந்தவர்களின் மூளை, தண்டுவடத் திசுக்களை ஆராய்ந்து ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார். வெளியே ஒரே மாதிரி மயங்கி விழுந்தாலும் உள்ளே எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை, சிலருக்குப் பார்க்கின்சன் வகை மாற்றம், சிலருக்குப் பல நரம்பு மண்டலங்கள் சேர்ந்து தேயும் வேறு வகை என்று அது பிரித்துக் காட்டியது.

சிகிச்சைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதில் ஒன்றைக் கேட்டால் சிரிப்பு வரும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது! இந்த நோயாளிகளுக்கு நிற்கும்போது விழுகிற ப்ரஷர், படுத்தால் எகிறிவிடும். அந்த ப்ரஷரில் சிறுநீரகம் ராத்திரி முழுக்க உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றிவிடும். அதனால்தான் காலையில் நிலைமை படுமோசம். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் அந்த இழப்பு குறைகிறது. மருந்துகளும் உண்டு, ஆனால் மரக்கட்டைக்குச் செலவு கம்மி.

1983-இல் அவர் பதிப்பித்த 'ஆட்டோனாமிக் ஃபெயிலியர்' இந்தத் துறையின் முக்கியமான பாடநூலாயிற்று. 1992 பதிப்பிலிருந்து உடன் பதிப்பாசிரியராகச் சேர்ந்தவர் கிறிஸ்டோபர் மத்தயாஸ், நம் பக்கத்து ஊரான பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது.

விதியின் வேடிக்கையைப் பாருங்கள். இதற்குள் பானிஸ்டருக்கே பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. எந்த நரம்புத் தேய்மானங்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்தாரோ, அந்தக் குடும்பத்து நோய்! 2014-இல் அதை வெளியே சொன்னார். புலம்பவில்லை. 2018 மார்ச் 3-ஆம் தேதி, 88 வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

அவருடைய மைல் சாதனை 46 நாள்தான் நின்றது. ஜூன் 21-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதை முறியடித்துவிட்டார். ஆனால் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை என்று பொறுமையாக அளந்த அந்த வருஷங்களின் பலன் என் தாத்தா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டாண்டில் ஏறி நின்று கைதட்ட அதற்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர் யாராவது "எழுந்தா கிறுகிறுங்குது" என்று சொன்னால் "வயசாச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பி.பி. பாருங்க சார்" என்று தைரியமாகக் கேளுங்கள். ரீடிங் எடுக்கும் முன் கண்டிஷனைக் குறித்துக்கொள் என்று லேபில் நமக்குச் சொல்லித் தருவது இதற்குத்தானே!

டாக்டர் சொன்னபடி தாத்தாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இரண்டு மரக்கட்டை வைத்தோம். ஃபர்ஸ்ட் இயர் கார்ப்பென்டரியில் கற்றதை வைத்து நானே அறுத்தேன். அளவு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று தாத்தா ஸ்கேல் வைத்துப் பார்த்தார். அரை மி.மீ. வித்தியாசம். திட்டு வாங்கினேன். ஆனால் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் நிதானமாக உட்கார்ந்து, பிறகு நின்று, தானே போய் வாசலில் பேப்பர் எடுத்து வருகிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை