கம்ப்யூட்டர் திறந்தது, முகப்பு வரவில்லை!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பெரிய பாதை. மற்றொன்று, குப்பனூர் வழியாகச் செல்வது. மழைக்காலத்தில் பெரிய பாதையில் மண் சரிந்தால், வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள். பாதை அடைபட்டதால் ஏற்காடே போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்!

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் விழிக்கிறது. 'பாஸ்வேர்டு' என்னும் ரகசியச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அப்புறம் ஒரே கறுப்பு. படங்கள் இல்லை, கீழே இருக்கும் பட்டையும் இல்லை. அம்புக்குறி மட்டும் அங்குமிங்கும் நகருகிறது.

மகளின் சான்றிதழ் நகல்கள் உள்ளே இருக்கின்றன. கல்யாணப் படங்களும் அங்கேதான். பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "பார்மட் செய்துவிடலாம்" என்கிறார்கள். பார்மட் என்றால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. கம்ப்யூட்டர் பிழைத்துவிடும். கல்யாணப் படம்?

உள்ளே என்ன நடக்கிறது?

ரகசியச் சொல் ஏற்கப்பட்டுவிட்டதால், யந்திரம் சாகவில்லை என்பது தெளிவு. 'விண்டோஸ்' கம்ப்யூட்டரில் படங்களையும் பட்டையையும் காட்டுவது 'எக்ஸ்ப்ளோரர்' என்ற ஒரு புரோகிராம். அது எழுந்திருக்காவிட்டால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். வீட்டில் சாமான் எல்லாம் பத்திரம்; விளக்குப் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆளை நாமே எழுப்பலாம். 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பெட்டி வரும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதைத் தேடி அழுத்தினால் ஒரு சிறு கட்டம் திறக்கும். அங்கே எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு புள்ளி வைத்து, இ, எக்ஸ், இ என்ற மூன்று எழுத்துக்களைச் சேர்த்து 'என்டர்' தட்ட வேண்டும். பல சமயம் முகப்பு உடனே வந்துவிடும்.

வரவில்லையா? ரகசியச் சொல் கேட்கும் திரையிலேயே, ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுக்கலாம். அங்கிருந்து 'சேப் மோட்' என்னும் நிலைக்குப் போக வழி உண்டு. அந்த நிலையில் மிக அவசியமானவை மட்டும் இயங்கும். கடைசியாகப் போட்ட புரோகிராம் எதுவோ, அதை அங்கே நீக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் வில்லன் அவனே!

இரண்டு வழி கொண்ட லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அப்போது கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் முகப்பு வராவிட்டாலும் பாஸ் வழியாக நுழைந்து பைல்களை எடுக்க இடமிருந்தது. இதைத் தெரியாமலே பார்மட் செய்தவர்கள் உண்டு.

2024 ஜூலை 19 அன்று உலகமே இந்தப் பாடத்தைப் படித்தது. 'கிரவுட்ஸ்ட்ரைக்' கம்பெனி அனுப்பிய ஒரு பைலின் கோளாறால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. ரகசியச் சொல் கேட்கும் இடத்துக்குக்கூட அவை வரவில்லை. விமானப் பயணிகளுக்கு நம் நாட்டில் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள். பரிகாரம் என்ன? பெரும்பாலான இடங்களில் அதே சேப் மோட்; உள்ளே போய் அந்த ஒரு பைலை அழித்தார்கள். மற்ற பைல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

எந்த வழியும் பலிக்காவிட்டால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது கடைக்காரரிடம், "முதலில் பைல்களை வேறு டிஸ்கில் எடுத்துவையுங்கள், நான் பார்த்த பிறகு பார்மட் செய்யுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி நகல் எடுப்பது அவர்களுக்குப் பழக்கமான வேலைதான். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்பு எண் கேட்கும். அதை வீட்டு நோட்டில் முன்பே குறித்துவைப்பது நல்லது.