விடியற்காலையில் முரண்டு பிடிக்கும் பழைய லாரி

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருங்கிய காற்று சூடேறுகிறது. அந்தச் சூட்டில், நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினும் இந்த அடிப்படையில்தான் இயங்கியது. ஆகவே காலையில் கிளம்ப மறுக்கும் லாரியைப் பற்றி எத்தனை கேள்வி எழுந்தாலும், முக்கியமானது ஒன்றுதான்: அந்தச் சூடு எங்கே போயிற்று?

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய அந்த மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளும் டீசலில்தான் ஓடுகின்றன. இந்தக் கடற்கரையில், லாரிக்கென்று பிறந்து படகுக்கு மாற்றப்பட்ட எஞ்சின்கள் ஏராளம். அதனால் பழைய டீசல் எஞ்சினை இறக்கிப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. பஞ்சம் குளிருக்குத்தான். மார்கழி, தை விடியலில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் அறுபது வயது லாரி ஒன்று செல்ஃப் அடிக்க அடிக்க வெள்ளைப் புகையை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால், பழியைப் பனியின் மேல் போடக் கூடாது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். 16-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில், வெப்பமும் காற்றும் துளிகூட வெளியேறாவிட்டால், 20 டிகிரிக் காற்று 600 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்றும் மந்த வேகத்தில் சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ரிங் இடுக்கில் காற்றும் நழுவும். நல்ல எஞ்சினிலேயே தோராயமாக 310 டிகிரிதான் மிஞ்சும். ரிங்கும் வால்வும் தேய்ந்திருந்தால் அது 240 வரை இறங்கலாம். அந்த நல்ல எஞ்சினை உறைபனி விழும் ஊட்டிக்குக் கொண்டுபோய் 0 டிகிரியில் சுற்றினாலும் 270 கிடைக்கும். அதாவது, புதுச்சேரியில் நிற்கும் தேய்ந்த எஞ்சின், ஊட்டியில் நிற்கும் நல்ல எஞ்சினைவிட அதிகக் குளிரில் இருக்கிறது. வெளியே அடிக்கும் குளிர் நோயைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நோய் எஞ்சினுக்குள் இருக்கிறது.

தென்னாட்டில் புதுப்பிக்கக் கிடைக்கும் பழைய டீசல் லாரிகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னையை அடுத்த எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1950-ல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எண்ணூரில் பூட்டிய முதல் லேலண்ட் வண்டிகள், காமெட் 350 எஞ்சின் வைத்த நான்கு டிப்பர்கள். அவற்றை மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று வாங்கியது. 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்திடமிருந்து கைமாறிய 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ தன் டாடா-மெர்சிடிஸ்-பென்ஸ் லாரியை வெளியிட்டது. டெல்கோவும் பென்ஸும் கூட்டாக இயங்கியது 1969 வரை.

இரண்டு எஞ்சின்களின் குணமும் வேறு. காமெட்டில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் குடைந்த குழிக்குள் பாய்கிறது. ஹீட்டர் பிளக் வேண்டியதில்லை. பென்ஸின் ஓ.எம். 312 எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு சின்ன முன்னறை இருக்கிறது. அந்த அறையின் சுவர் கூடுதலாக வெப்பத்தைத் தின்னும். அதனால் கிளம்புவதற்கு முன் அறையைச் சூடேற்ற, சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்தார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு பிளக்கின் கம்பி அறுந்தால் ஆறும் செத்துவிடும். டேஷ்போர்டில் ஓட்டை போட்ட மூடிக்குள் ஒரு சுருள் கம்பி சிவப்பது தெரிந்தால் எல்லாம் சரி. அது சிவக்காவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகத் தகித்தால் ஏதோ ஒரு பிளக் ஷார்ட் ஆகியிருக்கிறது. எந்த மீட்டரும் இல்லாமல் ஓட்டுநருக்குப் பழுதைச் சொன்ன ஏற்பாடு அது. இன்றைய வண்டிகளில் இத்தனை நேர்மையான எச்சரிக்கை விளக்கு அரிது.

பல ஆண்டு நின்ற லாரியை வாங்கியவுடன் பேட்டரி மாட்டிச் செல்ஃப் அடிப்பதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. அதுவே பெரிய கேடு. நின்ற எஞ்சினில் ரிங் லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பேரிங்கில் எண்ணெய்ப் படலம் வடிந்துபோயிருக்கும். நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்ற வேண்டும். சம்ப்பில் இருக்கும் ஆயிலையும் டேங்கில் இருக்கும் டீசலையும் முழுக்க வடித்துவிட வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில் டேங்கின் அடியில் தண்ணீரும் துருச்சேறும் நிச்சயம். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் வளரும் நுண்ணுயிர்க் கூழ் ஃபில்டரை அடைத்துவிடும்.

அடுத்தது உயிர் காக்கும் சோதனை. டீசல் பம்ப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பி தடையின்றி நகர்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். பழைய டீசல் பிசின் போல் உறைந்து அது முழு அளவில் ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் கிளம்பியதும் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தப் பழைய டீசல் எஞ்சினைச் சாவியைத் திருப்பி அணைக்க முடியாது. முதல்முறை கிளப்பும்போது காற்று வழியை அடைக்க ஒரு கனமான பலகை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிரேக் வேலை முடியாமல் எஞ்சினைக் கிளப்பவும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் காலையில் தகராறு என்றால், புகைதான் முதல் சாட்சி. செல்ஃப் சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. சூடு போதவில்லை, அல்லது பம்ப் டைமிங் தவறியிருக்கிறது.

சுற்றும் வேகத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு சுற்றாவது இல்லாவிட்டால் காற்று நழுவ நேரம் கிடைத்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் முனகினால், தேங்காய்த்திட்டு போன்ற இடத்தில் சந்தேகிக்க வேண்டியது எர்த் பட்டையை. சேஸிக்கும் எஞ்சினுக்கும் இடையே போகும் அந்தச் செம்புப் பின்னல் உப்புக்காற்றில் பச்சை பூத்து, வெளியே முழுதாகவும் உள்ளே பொடியாகவும் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் பட்டையை மாற்றி, பூட்டும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, கிரீஸ் பூசிவிட வேண்டும். புதிய பேட்டரி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும் சோதனை இது.

மின்சாரம் சரி என்றால் டீசல் வழி. மாலையில் நன்றாக ஓடிய வண்டி, காலையில் ஒருமுறை கிளம்பிச் சில நொடியில் அணைந்து, பிறகு நெடுநேரம் அடித்தால்தான் எழுகிறது என்றால் அது அநேகமாகக் காற்று. இரவில் ஏதோ ஒரு வாஷரில், வெடித்த ஹோஸில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் வால்வில் காற்று புகுந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. உள்ளே இழுக்கும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பழுதில்தான் பட்டறைகள் அதிக நாள் வீணடிக்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சுத்தமான கேனில் டீசல் நிரப்பி, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, ஃபீட் பம்ப்புக்கு நேராக ஹோஸ் கொடுத்து, ஏர் எடுத்துவிட்டு, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் உடனே கிளம்பினால் குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. பழைய டீசலில் உப்பியே பழகிய சில ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசியக்கூடும். ஆகவே சீல்களை மொத்தமாக மாற்றுவதே சிக்கனம். பம்ப்பையும் நாசிலையும் கலிபரேஷன் மேஜை உள்ள கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். நாசிலைக் கையில் பிடித்துத் தெளிப்பு பார்க்கவே கூடாது: அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கடைசியாக, அடிப்படைக் கேள்விக்கே வர வேண்டும். நாசில் இடத்தில் கேஜ் மாட்டிச் செல்ஃப் அடித்தால் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் 20 முதல் 25 பார் வரை காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், டேப்பட் இடைவெளி இறுகி வால்வு முழுக்க மூடாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். செலவில்லாத பழுது அது. கொஞ்சம் ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதன்பிறகு எஞ்சினை இறக்க வேண்டியதுதான். பூட்டும்போது ஹெட் சமமாக இல்லை என்று கேஸ்கெட்டை இரட்டையாக வைத்து ஒப்பேற்றுவது கூடாது. கேஸ்கெட் தடித்தால் அழுத்த விகிதம் குறையும். எந்தச் சூட்டைத் தேடிப் புறப்பட்டார்களோ அதையே இழப்பார்கள். அசல் பாகம் கிடைக்காதபோது சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளும் நல்ல லேத் பட்டறையும் கைகொடுக்கும்.

இதையெல்லாம் தட்டிக்கழிக்கும் குறுக்குவழிகள் பல. ஏர் ஃபில்டர் வாயில் டீசல் துணியைக் கொளுத்திக் காட்டுவது, ஈதர் ஸ்பிரே அடிப்பது, மண்ணெண்ணெய் கலப்பது. தீ வண்டியையே எரிக்கும். ஈதர் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து ரிங்கை உடைக்கும். ஹீட்டர் பிளக் உள்ள பென்ஸில் அது இன்னும் ஆபத்து. மண்ணெண்ணெய், பம்ப்பின் நுண்ணிய உறுப்புகளுக்கு டீசல் தரும் வழவழப்பைக் கெடுக்கும். உண்மையான குளிர் வேறு மாதிரியானது. லடாக்கில் டீசலில் உள்ள மெழுகே உறைந்து ஃபில்டரை அடைப்பதால், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது. தென்கடற்கரையில் டீசல் உறைய வாய்ப்பே இல்லை.

புதுப்பித்த லாரியைச் சாலையில் ஓட்டுவது தனிச் சிக்கல். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதி, ஐம்பது வயது கடந்த வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற தனி எண் வரிசையும் 20,000 ரூபாய் பதிவுக் கட்டணமும் வகுத்தது. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டுமே; லாரிக்கு அதில் இடமில்லை. நெல்லும் உப்பும் மீனும் சுமந்து இந்த நாட்டை ஓட்டிய வண்டிக்குக் காருக்குள்ள மரியாதைகூட இல்லாதது அநியாயம். அந்த விதியை லாரிக்கும் விரிக்க வேண்டும். அதுவரை, பழைய காமெட்டையோ பென்ஸையோ வாங்க நினைப்பவர்கள் ஆர்.சி. புத்தகம் இன்னும் செல்லுபடியாகிறதா, சேஸி எண் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.