பெட்டிக்குள் நாகசுரம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நாகசுரம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே சுரத்தைப் பதிந்து கணிப்பொறிக்குக் கொடுத்தால், மற்ற சுரங்களையும் அதிலிருந்தே பெறலாமா?

பெறலாம். கணிப்பொறி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக வைக்கிறது. அவ்வெண்களை இருமடங்கு வேகத்தில் படித்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஆனால் ஒலியின் நீளம் பாதியாகிவிடும். நாகசுரத்தின் கம்பீரமும் போய்க் கீச்சுக்குரலாகும். ஆகவேதான் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் உரக்கவும் ஊதச்செய்து தனித்தனியே பதிகிறார்கள். 1979இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஃபேர்லைட் கருவியில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது; இன்று அந்தக் கவலை இல்லை. பதிவுகள்தாம் ஆயிரக்கணக்கில் குவிகின்றன! ஒரகடம் ஆலைக் கிடங்கின் உதிரிப்பாகங்களைப்போல, ஒவ்வொன்றிலும் சுரம், சுருதி, உரப்பு ஆகியவற்றைக் குறித்து வைக்காவிட்டால் தேடி மாள முடியாது.

இருந்தும் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லையே, அதை எந்தக் கட்டையில் வைப்பது? அந்த அசைவோடு சேர்த்தே பதிந்தாக வேண்டும்.