வலி சொல்லாததை வெப்பம் சொல்லும்

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் வழக்கம் செட்டிநாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. வெறுங்காலுடன் நடப்போரும் பலர். நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்கு இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் முள் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் வலி தெரியாது. படுக்கை விரிப்பில் கறை படிந்த பின்னரே புண் இருப்பதை வீட்டார் அறிகின்றனர்.

வலி மௌனமானாலும் வெப்பம் பேசும். பாதத்தின் ஓரிடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழும்போது உள்திசுக்களில் அழற்சி உண்டாகிறது. அங்கு இரத்த ஓட்டம் கூடுவதால், தோல் உடைவதற்கு முன்பே அவ்விடம் சூடேறுகிறது. தோல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை அளக்கும் வெப்பமானியால், தொடாமலே இதை அறியலாம்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள், சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினருடன் இணைந்து 112 நீரிழிவு நோயாளிகளின் பாதங்களை வெப்பப் படமெடுத்து ஆராய்ந்து, முடிவை 2010இல் வெளியிட்டனர். நரம்பு பாதிப்பு இல்லாதவர்களின் பாத வெப்பம் 27 முதல் 30 டிகிரி செல்சியசாகவும், பாதிப்பு உள்ளவர்களுக்கு 32 முதல் 35 டிகிரியாகவும் இருந்தது.

ஒரே ஒரு நாள் அளவு அதிகம் சொல்லாது. காலநிலைக்கேற்ப அது மாறும். எனவே இடப்பாதத்தையும் வலப்பாதத்தையும் ஒப்பிட வேண்டும். இங்குதான் மென்பொருள் உதவுகிறது. ஒவ்வோர் இடத்தின் அளவையும் தேதியுடன் பதிந்து, இரு பாதங்களின் வேறுபாட்டைக் கழித்துக் கண்டு, நாள்தோறும் வரைபடமாகக் காட்டுகிறது. வெப்பப் படக் கருவியாயின், ஒரு பாதத்தின் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி மற்றதன்மேல் பொருத்தி, சூடான புள்ளியைக் கண்டறிகிறது. கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் கணக்கு ஒன்றே.

ஒரே இடத்தில் வேறுபாடு 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்தால், நடையைக் குறைத்து மருத்துவரை அணுக வேண்டும். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இவ்வாறு அளந்து வந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கே மீண்டும் புண் வந்தது. வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் அது 29.3 விழுக்காடு. பிந்தைய ஆய்வுகள் யாவும் இத்தனை பெரிய பயனைக் காட்டவில்லை. அளப்பது மட்டும் காக்காது. அளவு கூடும்போது காலுக்கு ஓய்வு தருவதே காக்கும்.

வீட்டில் அளக்கும் முறை

• நாள்தோறும் ஒரே நேரத்தில் அளக்கவும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலைக் குளிர்விக்கும். குளியலும் வெயிலில் நடப்பதும் அளவை மாற்றும். எனவே பாதங்களைத் தரையில் படாமல் நீட்டி, கால் மணி நேரம் ஓய்வெடுத்த பின் அளக்கவும்.

• பெருவிரல், விரல்களுக்குக் கீழுள்ள மேட்டில் மூன்று இடங்கள், நடுப்பாதத்தில் இரண்டு இடங்கள் என ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடங்களை அளக்கவும். கருவியை எப்போதும் ஒரே தொலைவில் பிடிக்கவும்.

• நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி, கண்ட அளவை உடல் வெப்பமாக மாற்றிக் காட்டும். மேற்பரப்பு வெப்பத்தை அப்படியே காட்டும் அமைப்பு உள்ளதா எனக் கேட்டு வாங்கவும்.

• உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முதியவர்களால் இயலாது. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ உடனிருந்து அளந்து, கண்ணாலும் பார்க்கட்டும்.

புண், சீழ், கருமை, வீக்கம், காய்ச்சல், அல்லது ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வெப்ப அளவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பாதயாத்திரைக்கு எண்ணுவோர், புறப்படுமுன் கால்களை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். தக்க காலணியுடன் நடப்பதால் பக்தி குறைந்துவிடாது.